12 மீட்டர் பாய்ப்படகா, மோட்டார் யாட்டா: டீசல் கணக்கை எப்படிப் போடுவது?

அணியம்:

12 மீட்டர் நீளத்தில் இரண்டு படகுகள் பரிசீலனையில் இருக்கின்றன. ஒன்று பாய்மர யாட். நீர்க்கோட்டு நீளம் (நீர்மட்டத்தில் படகின் நீளம்) 10.5 மீட்டர், எடை 9 டன், 40 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் ஒன்று, டேங்க் 200 லிட்டர். மற்றது பிளேனிங் வகை, அதாவது வேகத்தில் நீர்ப்பரப்பின் மேல் எழுந்து சறுக்கும் மோட்டார் யாட். எடை 11 டன், 300 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் இரண்டு, டேங்க் 1200 லிட்டர். வருடத்துக்கு ஏறத்தாழ 1500 கடல் மைல் ஓட்டம் இருக்கும். பெரும்பாலும் கரையோரப் பயணம், நடுவில் திறந்த கடலைக் கடக்கும் சில நீண்ட தாண்டல்கள்.

விற்பவர்கள் தரும் தாளில் "மணிக்கு இத்தனை லிட்டர்" என்று மட்டும்தான் இருக்கிறது. பாய்ப்படகுக்காரர்களைக் கேட்டால் காற்று இருக்கும்போது டீசல் எதற்கு என்கிறார்கள். மோட்டார் படகுக்காரர்கள், மெதுவாக ஓட்டினால் நாங்களும் அதே செலவில் போவோம் என்கிறார்கள். இரண்டையும் ஒரே அளவுகோலில் எப்படி வைத்துப் பார்ப்பது?

---

கடல்மைல்:

மணிக்கு இத்தனை லிட்டர் என்பதை ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள். மைலுக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மணிக் கணக்கை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தால் வகுத்தால் போதும்.

முதலில் அடிப்படை. படகு டீசல் இன்ஜின் நல்ல சுமையில் ஓடும்போது ஒரு கிலோவாட் மணிக்குச் சுமார் 0.3 லிட்டர் குடிக்கும். பாய்ப்படகு இன்ஜின், மோட்டார் யாட் இன்ஜின் இரண்டுக்கும் இது பெரிதாக மாறாது. எனவே கேள்வி இன்ஜினைப் பற்றியதே அல்ல. அந்த ஹல்லை (படகின் உடலை) அந்த வேகத்தில் தள்ள எத்தனை கிலோவாட் வேண்டும் என்பதுதான் கேள்வி.

நீரைக் கிழித்துப் போகும் ஹல்லுக்கு ஒரு இயல்பான வேக எல்லை உண்டு. நீர்க்கோட்டு நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43 ஆல் பெருக்குங்கள். உங்கள் பாய்ப்படகுக்கு 7.9 நாட் வரும். அந்த எல்லைக்கு நன்றாகக் கீழே இருக்கும்வரை தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு நெருக்கமாக ஏறும். எல்லையை நெருங்கினால் அதைவிடச் செங்குத்தாக ஏறும், ஏனென்றால் படகு தானே எழுப்பிய அலையின் சரிவில் ஏற முயல்கிறது.

9 டன் பாய்ப்படகு, சுத்தமான அடிப்பாகம், அமைதியான தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும். 5 நாட்டில் 6 கிலோவாட், மணிக்கு 1.8 லிட்டர், மைலுக்கு 0.36. 6 நாட்டில் 10 கிலோவாட், 3 லிட்டர், மைலுக்கு 0.5. 7 நாட்டில் 18 கிலோவாட், 5.5 லிட்டர், மைலுக்கு 0.8. கடைசி ஒரு நாட்டுக்கு மட்டும் மைல் செலவு 60 சதவீதம் கூடியிருக்கிறது, கவனியுங்கள்.

மோட்டார் யாட் 22 நாட்டில் போக இரண்டு இன்ஜினும் சேர்ந்து 300 கிலோவாட் அளவில் தர வேண்டியிருக்கும். மணிக்கு 90 லிட்டர், மைலுக்கு 4.1. அதே படகை 7 நாட்டுக்கு இறக்கினால் மணிக்கு 10 முதல் 12 லிட்டர், மைலுக்குச் சுமார் 1.6.

இப்போது 1500 மைலுக்குப் போடுவோம். மோட்டார் யாட் 22 நாட்டில் 6150 லிட்டர். அதையே 7 நாட்டில் ஓட்டினால் 2400. பாய்ப்படகைப் பாயே விரிக்காமல் 7 நாட்டில் இன்ஜினில் மட்டும் ஓட்டினால் 1200. 6 நாட்டுக்கு இறக்கினால் 750. அதில் 60 சதவீத மைல்களைப் பாயில் ஓடினால் 300.

6150க்கும் 300க்கும் நடுவே உள்ள 5850 லிட்டரில், வேகத்தைக் குறைத்ததால் மிச்சமானது முதலில் 3750, பிறகு 450. ஒல்லியான ஹல்லும் ஒற்றை இன்ஜினும் மிச்சப்படுத்தியது 1200. காற்று மிச்சப்படுத்தியது 450. பாய்ப்படகு டீசல் குறைவாகக் குடிப்பதற்கு முதல் காரணம் அது மெதுவாகப் போவது. பாய் அதற்கு அடுத்துத்தான்.

மோட்டார் படகுக்காரர்கள் சொல்வதும் பாதி உண்மை. மெதுவாக ஓட்டினால் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். ஆனால் அதே 7 நாட்டில் பாய்ப்படகைவிட இரண்டு மடங்கு குடிக்கும். பிளேனிங் ஹல்லின் பின்புறம் அகலமாக, தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். மெதுவாகப் போகும்போது அந்த வெட்டுக்குப் பின்னால் தண்ணீர் சுழன்று இழுக்கும். போதாததற்கு இரண்டு பெரிய இன்ஜின்களும் சுமையே இல்லாமல் ஓடும்.

இன்னொன்று. அந்த யாட்டை 9 முதல் 13 நாட் வரையிலான வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். படகின் முன்புறம் மேலே தூக்கி, பின்புறம் அமிழ்ந்து, படகு தன் அலையின் மேல் ஏறிக்கொண்டே இருக்கும் நிலை அது. 12 நாட்டில் மைலுக்கு ஆகும் டீசல் 22 நாட்டில் ஆவதைவிட அதிகமாகவே இருக்கும். ஒன்று 7 நாட், இல்லையென்றால் முழுதாக பிளேனிங்குக்கு ஏறி 18 முதல் 22. 18 முதல் 22 வரை மைல் செலவுக் கோடு ஓரளவு தட்டையாக இருக்கும். கனமான சுமையில் ட்ரிம் டேப்பை (பின்விளிம்பில் ஏற்றி இறக்கும் தகட்டை) கொஞ்சம் இறக்கினால் ஏறுவது சுலபம். ஏறிய பிறகு டேப்பைத் தூக்க மறந்தால் அதுவே இழுவை.

---

பாய்க்கயிறு:

கடல்மைல் போட்ட கணக்கு சரி. ஆனால் "60 சதவீதம் பாயில்" என்ற இடம்தான் படகுக்குப் படகு அதிகம் மாறும். அதைத் தீர்மானிப்பவை என்னென்ன என்று பார்த்துவிட வேண்டும்.

முதலாவது, எந்த வேகத்துக்குக் கீழே போனால் இன்ஜினைத் தொடுவீர்கள் என்பது. 5 நாட்டுக்குக் கீழே பொறுக்க மாட்டேன் என்றால் மென்காற்று நாட்களில் முழுக்க இன்ஜின்தான். 3 நாட் போதும் என்றால் கதையே வேறு. கையில் இருக்கும் பாய்களும் இதில் சேரும். ஜெனோவா என்ற வழக்கமான முன்பாய் மட்டும் வைத்திருக்கும் கனமான படகு 8 நாட் பக்கக் காற்றில் தவழும். அதே படகில் ஜென்னக்கர், கோட் ஜீரோ போன்ற பெரிய மென்காற்றுப் பாயை விரித்தால் இன்ஜின் தேவையில்லாத வேகம் கிடைக்கும். டீசலைக் குறைக்க என்று பணம் போடுவதானால் இந்தப் பாய்க்குத்தான் முதல் இடம்.

இரண்டாவது, புரொப்பெல்லர். மூன்று இதழ் நிலையான புரொப்பெல்லர் தண்ணீரில் நின்று இழுப்பதால் மென்காற்றில் அரை நாட் முதல் ஒரு நாட் வரை போய்விடும். 4 நாட் ஓடவேண்டிய படகு 3.3 ஓடினால் பொறுமையிழந்து சாவியைத் திருப்புகிறோம். மடங்கும் புரொப்பெல்லரோ, இதழ்கள் திரும்பி நீரோட்டத்துக்கு நேராக நிற்கும் ஃபெதரிங் வகையோ போட்டால் இந்த இழப்பு பெரும்பகுதி நீங்கும். நிலையான புரொப்பெல்லர்தான் என்றால், பொதுவாகப் பூட்டி நிறுத்துவதைவிடச் சுழல விடுவதில் இழுவை குறைவு. ஆனால் கியர்பாக்ஸ் கையேட்டைப் பார்க்காமல் எதையும் செய்யாதீர்கள். சில கியர்பாக்ஸில் நியூட்ரலில் விடச் சொல்வார்கள், சிலவற்றில் ரிவர்ஸில் போட அனுமதி உண்டு. பாயில் ஓடும்போது முன்கியரில் போட்டு வைப்பது கோன் கிளட்ச் உள்ளவற்றைத் தேய்த்துவிடும்.

மூன்றாவது, காற்று எதிரே வருவது. உண்மைக் காற்றுக்கு (படகின் ஓட்டத்தால் எழும் காற்று சேராத திசைக்கு) 45 பாகையில் மாறி மாறி ஏறினால் ஓட வேண்டிய தூரம் 1.4 மடங்கு. 6 நாட் ஓடினாலும் இலக்கை நோக்கிய முன்னேற்றம் 4.2தான். மாலைக்குள் துறை சேர வேண்டும் என்றால் எல்லோரும் இன்ஜின் போடுவார்கள். இங்கே பெரும்பாலோர் செய்யும் தவறு, பாயைச் சுருட்டிவிட்டு நேரே காற்றுக்குள் முட்டுவது. குட்டை அலையில் படகு குத்திக் குத்தி நிற்கும், த்ராட்டிலை ஏற்றியும் வேகம் வராது. பெரிய பாயை நடுவில் இறுக்கி ஏற்றி, 20 பாகை விலகிப் போங்கள். தூரம் 6 சதவீதம்தான் கூடும். பாய் தரும் இழுவையும், ஆட்டம் குறைவதும் சேர்ந்து, குறைந்த ஆர்பிஎம்மில் (இன்ஜினின் நிமிடச் சுற்றில்) அதே வேகம் வரும். விலகும் கோணத்தைக் கொஞ்சம் கூட்டி முன்பாயும் பிடித்துக்கொண்டால் இன்னும் இறக்கலாம்.

இன்ஜினும் பாயும் சேர்ந்து ஓடும்போது சாய்வைக் கவனிக்க வேண்டும். இன்ஜின் கையேட்டில் தொடர்ந்து ஓடக்கூடிய சாய்வுக் கோணம் குறித்திருப்பார்கள். 15 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பாதுகாப்பு. அதற்கு மேல் போனால் ஆயில் பம்ப் காற்றை உறிஞ்சலாம், குளிர்நீர் உள்ளே வரும் துளை தண்ணீருக்கு மேலே வரலாம். பாயைச் சுருக்குங்கள், படகு நிமிரும், வேகமும் குறையாது.

---

எரிஎண்ணெய்:

எண்களை நம்புவதற்கு முன் அளக்கப் பழக வேண்டும். தாளில் இருக்கும் அளவுகள் புதுப் படகு, காலி டேங்க், சுத்தமான ஹல் என்ற நிலையில் எடுத்தவை.

அளக்கும் முறை: டேங்கை வாய்வரை நிரப்புங்கள், படகு சமமாக நிற்க வேண்டும். காற்றும் நீரோட்டமும் குறைந்த நாளில், ஒரே ஆர்பிஎம்மில் குறைந்தது மூன்று நான்கு மணி நேரம் ஓட்டுங்கள். அதே இடத்தில், அதே சமநிலையில் மறுபடி நிரப்பி எத்தனை லிட்டர் போனது என்று பாருங்கள். வேகத்துக்கு ஜிபிஎஸ் போதும், ஆனால் ஒரே பாதையில் போயும் வந்தும் இரண்டின் சராசரியை எடுங்கள். ஒரு திசையில் மட்டும் எடுத்தால் நீரோட்டம் உங்களை ஏமாற்றும். 1400 ஆர்பிஎம்மில் தொடங்கி 200 கூட்டிக் கூட்டி ஒவ்வொரு படியிலும் வேகத்தைக் குறித்தால் ஒரு அட்டவணை கிடைக்கும். வேகம் கொஞ்சமாக ஏறி, சத்தமும் பின் அலையும் அதிகமாக ஏறும் படி எதுவோ, அதற்கு ஒரு படி கீழேதான் உங்கள் பயண ஆர்பிஎம்.

ஃப்ளோ மீட்டர் மாட்டுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டீசல் இன்ஜின் எடுப்பதையெல்லாம் எரிப்பதில்லை, மிச்சத்தை டேங்குக்கே திருப்பி அனுப்பும். போகும் குழாயில் ஒன்று, திரும்பும் குழாயில் ஒன்று என்று இரண்டு சென்சார் வேண்டும். திரும்பும் டீசல் சூடாக, விரிந்து வருவதால் வெப்பத் திருத்தம் செய்யாத மீட்டர் குறைத்துக் காட்டும். கணினிக் கட்டுப்பாடு உள்ள இன்ஜின் என்றால் அதன் ஈசியூ காட்டும் அளவே போதுமானது. அதையும் ஒருமுறை டேங்க் நிரப்பிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து புரொப்பெல்லர் பொருத்தம். வழக்கமான சுமையோடு, அமைதியான நீரில் முழு த்ராட்டில் கொடுத்தால் இன்ஜின் அதன் உச்ச ஆர்பிஎம்மைத் தொட வேண்டும். 3000 தொட வேண்டியது 2600இல் நின்று, கரும்புகை வந்தால், பிட்ச் (புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் கணக்குத் தூரம்) அதிகம் அல்லது அடிப்பாகம் அழுக்கு. ஒரு அங்குல பிட்ச் மாற்றினால் 150 முதல் 200 ஆர்பிஎம் வரை மாறும். ஆனால் புரொப்பெல்லரைக் கழற்றுவதற்கு முன் தண்ணீரில் இறங்கிப் பாருங்கள். இதழ்களில் ஒட்டிய சிப்பியே பல நேரம் காரணமாக இருக்கும். இதழ்களை உலோகம் தெரியுமளவு சுரண்டிவிட்டு மறுபடி சோதியுங்கள். ஹல்லில் வழவழப்பான பாசி மட்டும் இருந்தாலும் உராய்வு கூடும், சிப்பி ஏறிவிட்டால் மேலே சொன்ன அட்டவணை எதுவும் பொருந்தாது.

பாய்ப்படகுகளில் யாரும் கணக்கில் சேர்க்காத செலவு ஒன்று உண்டு: நங்கூரத்தில் நின்றபடி பேட்டரி ஏற்ற இன்ஜின் ஓட்டுவது. 1200 ஆர்பிஎம்மில் நியூட்ரலில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகும். 80 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் முதலில் ஒரு கிலோவாட் தரும், ஈய பேட்டரி 80 சதவீதம் தாண்டியதும் மின்னோட்டம் சரிந்துவிடும். ஒரு லிட்டர் டீசலில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி. பேட்டரிக்குள் போவது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 300 வாட் சோலார் தகடு நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஒரு கிலோவாட் மணிக்கு மேல் தரும். தினமும் இரண்டு மணி நேரம் இப்படி ஓட்டுகிறவருக்கு நூறு நாளில் 200 லிட்டருக்கு மேல் மிச்சம். லித்தியம் பேட்டரிக்கு மாறுபவர்கள் ஆல்டர்னேட்டருக்கு வெளி ரெகுலேட்டர் போட வேண்டும். இல்லாவிட்டால் குறைந்த ஆர்பிஎம்மில் முழு மின்னோட்டமும் இழுக்கப்பட்டு ஆல்டர்னேட்டர் கருகும்.

---

நெடுந்துறை:

மோட்டார் யாட்டில் ஜெனரேட்டரை விட்டுவிட்டீர்கள். ஏசி ஓட 6 கிலோவாட் ஜெனரேட்டர் பாதிச் சுமையில் மணிக்கு ஒன்றரை லிட்டர் அளவில் எடுக்கும். ஒரு இரவுக்குப் பத்து மணி நேரம் என்றால் 15 லிட்டர். பாய்ப்படகு 6 நாட்டில் 30 மைல் போகும் டீசல் அது.

மூன்றாவது வகையையும் பாருங்கள். ட்ராலர் வகை, அதாவது நீரைக் கிழித்துப் போகும் ஹல்லும் ஒற்றை இன்ஜினும் உள்ள மோட்டார் படகு. 12 மீட்டர் ட்ராலர் 6.5 முதல் 7 நாட்டில் மைலுக்கு ஒரு லிட்டர் அளவில் முடிக்கும். வேகம் வேண்டாம், பாய் வேலையும் வேண்டாம் என்பவர்களுக்கு இதுதான் சரியான எதிரணி.

டீசலில் மிச்சப்பட்டதெல்லாம் கையில் நிற்கும் என்று பாய்ப்படகை வாங்க வேண்டாம். பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளை 10 முதல் 15 வருடத்தில் மாற்ற வேண்டும், காப்பீட்டுக்காரர்களே கேட்பார்கள். பாய் வெயிலில் மக்கும். மோட்டார் யாட்டிலும் இரண்டு பெரிய இன்ஜினுக்கு டர்போ, ஆஃப்டர்கூலர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் எல்லாம் இரட்டைச் செலவு. லிட்டரை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இந்த இரண்டு பக்கமும் தப்பிப்போகும்.

---

அணியம்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். மோட்டார் யாட்டை எப்போதும் 7 நாட்டில் ஓட்டினால் இன்ஜினுக்குக் கெடுதலா? ஒரு இன்ஜினை நிறுத்திவிட்டு ஓட்டலாமா? பாய்ப்படகின் 200 லிட்டர் டேங்க் நீண்ட தாண்டலுக்குப் போதுமா?

---

எரிஎண்ணெய்:

300 குதிரைத்திறன் டீசலை அதன் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சுமையில் நாள் முழுக்க ஓட்டினால் சிலிண்டர் போதுமான சூடு ஏறாது. எரியாத டீசல் புகைக்குழாயில் ஈரமாகப் படியும், டர்போவிலும் எக்ஸாஸ்ட் எல்போவிலும் கரி சேரும், சிலிண்டர் சுவர் வழவழப்பாகி ஆயில் குடிக்கத் தொடங்கும். குளிர்நீர் வெப்பநிலை இயல்பு அளவை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லையென்றால் தெர்மோஸ்டாட்டைச் சோதியுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை, துறைக்குள் நுழைவதற்கு முன், 15 முதல் 20 நிமிடம் 80 சதவீத ஆர்பிஎம்முக்கு ஏற்றி ஓட்டினால் பெரும்பகுதி எரிந்து வெளியேறும். புதிய காமன் ரெயில் இன்ஜின்கள் மெதுவான ஓட்டத்தைப் பழையவற்றைவிட நன்றாகத் தாங்கும்.

ஒற்றை இன்ஜின் ஓட்டத்தில் லாபம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. நின்ற பக்கத்துப் புரொப்பெல்லர் இழுக்கும், படகு ஒரு பக்கம் திரும்பப் பார்ப்பதால் சுக்கானைத் திருப்பியே வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், நின்ற இன்ஜினின் புரொப்பெல்லர் தண்ணீர் வேகத்தில் தானே சுழலும். கியர்பாக்ஸ் ஆயில் பம்ப் இன்ஜின் ஓடினால்தான் வேலை செய்யும், ஆகவே பேரிங் வறண்டு சுழலலாம். ஷாஃப்ட் சீலுக்கு (புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடத்தில் கடல்நீர் புகாமல் தடுப்பது) குளிர்நீர் அதே இன்ஜினிலிருந்து வந்தால் அதுவும் நின்று, சீல் சூடேறி எரிந்துவிடும். இரண்டு சீல்களையும் இணைக்கும் குறுக்குக் குழாய் இருக்கிறதா, கியர்பாக்ஸ் கையேடு சுழல அனுமதிக்கிறதா என்று தெரிந்த பிறகே செய்யுங்கள்.

---

கடல்மைல்:

200 லிட்டரில் 170தான் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சு குழாய் அடியைத் தொடாது. படகு சாய்ந்து ஓடினால் கால் டேங்க் இருக்கும்போதே காற்றை இழுத்து இன்ஜின் நிற்கக்கூடும். 170 லிட்டர், மைலுக்கு 0.5 என்றால் 340 மைல். மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்தால் 225 மைல். அதற்கு மேல் இன்ஜின் தேவைப்படும் தாண்டல் என்றால் 5 நாட்டுக்கு இறங்குங்கள். மைலுக்கு 0.36 வீதம், அதே பங்கை மிச்சம் வைத்தும் 310 மைலுக்கு மேல் வரும். கேன்களை மேல்தளத்தில் அடுக்குவதைவிட ஒரு நாட்டைக் குறைப்பது சுலபம்.

மோட்டார் யாட்டில் 1200 லிட்டரில் 80 சதவீதம் பயன்படுத்தினாலும் 22 நாட்டில் 235 மைல்தான். டேங்க் ஆறு மடங்கு, ஓட்டம் பாய்ப்படகின் 340 மைலைவிடக் குறைவு.

---

பாய்க்கயிறு:

டேங்க் பற்றி ஒரு சேர்ப்பு. வருடத்துக்கு 300 லிட்டர் மட்டுமே எரிக்கும் படகில் டீசல் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும். அரை டேங்க் காற்றாக இருந்தால் உள்சுவரில் ஈரம் படிந்து தண்ணீர் அடியில் சேரும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புச் சளியாகும். அமைதியான கடலில் அது அடியில் கிடக்கும். துறைமுக வாயில் அலையில் படகு குலுங்கும்போதுதான் கலங்கி ஃபில்டரை அடைக்கும். இன்ஜின் மிகவும் தேவைப்படும் அதே நிமிடத்தில் நின்றுபோவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

படகை நிறுத்தி வைக்கும்போது டேங்கை நிரப்பி வையுங்கள். முதல் ஃபில்டர் 10 முதல் 30 மைக்ரான், கண்ணாடிக் கிண்ணம் உள்ளதாக இருக்கட்டும், ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் அடியில் தண்ணீர் தெரிகிறதா என்று பார்த்து வடியுங்கள். குறைந்தது இரண்டு உதிரி ஃபில்டர் படகில் வேண்டும். ஃபில்டர் மாற்றியபின் காற்று எடுக்கும் திருகு எது, கைப்பம்ப் எங்கே என்பதைத் துறையில் கட்டியிருக்கும்போதே ஒருமுறை செய்து பழகிவிடுங்கள்.

வாங்குவதற்கு முன் சோதனை ஓட்டம் கேட்பீர்கள் அல்லவா? எரிஎண்ணெய் சொன்ன 200 ஆர்பிஎம் படிகளை அப்போதே இரு திசையிலும் எடுத்துவிடுங்கள். முழு த்ராட்டிலில் உச்ச ஆர்பிஎம் வராத படகுக்கு, தண்ணீரிலிருந்து தூக்கி அடிப்பாகத்தையும் புரொப்பெல்லரையும் பார்க்கும்வரை விலை பேச வேண்டாம்.